ஊர்வரியில் ஓடிய பள்ளிக்கூடம்: 1950களின் அமெரிக்க ஹைஸ்கூல்

அமெரிக்க ஹைஸ்கூல் என்றதும் நமக்குக் கண்ணில் வருவது ஒரு நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் இரும்பு லாக்கர், லாக்கரைப் படாரென்று சாத்திவிட்டு நடக்கும் ஒரு பையன். எல்லாம் சினிமா கொடுத்த சீதனம். அதை வைத்துக்கொண்டு தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். "அங்கே பள்ளிக்கூடத்தில் எவன் படிக்கிறான், ஆட்டம் பாட்டம்தான்" என்பது ஒன்று. "அங்கே பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், நம்மைப் போலவா" என்பது இன்னொன்று. டீக்கடையில் இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய ஓட்டையும் இருக்கிறது. அந்தப் பள்ளி எப்படி ஓடியது என்று தெரிந்துகொண்டால் லாக்கர் ஏன் வந்தது, ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஊரே ஏன் கடையைச் சாத்தியது, 'எல்லாருக்கும்' என்ற சொல் எங்கே போய் முட்டி நின்றது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபடும். நான் 1950களை எடுத்துக்கொள்கிறேன், சினிமாவில் வரும் பள்ளி பெரும்பாலும் அந்த அச்சில் வார்த்தது என்பதால்.

ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையிலான 4 வகுப்புகள், ஏறக்குறைய 14 முதல் 18 வயது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயர் உண்டு: ஃப்ரெஷ்மன், சோஃபமோர், ஜூனியர், சீனியர். சில ஊர்களில் 7, 8, 9 ஆகியவற்றை ஜூனியர் ஹை என்று தனியாகப் பிரித்து, 10இலிருந்து ஹைஸ்கூல் வைத்திருந்தார்கள். வகுப்புக் கணக்கு இவ்வளவுதான்.

முதலில் பணம்

ஊரில் கோயில் கொடை என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்தவர் சும்மா இருக்கமாட்டார். பந்தல் ஏன் சின்னதாக இருக்கிறது, போன வருஷம் வந்த வில்லுப்பாட்டுக்காரர் இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்பார். அவர் காசு, அவர் கோயில், அவர் கேட்கிறார். அமெரிக்கப் பள்ளியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே பள்ளிகளை நடத்துவது பள்ளி மாவட்டம் என்ற அமைப்பு. நாம் கலெக்டர் ஆபீஸோடு சேர்த்து நினைக்கும் மாவட்டம் வேறு, இது வேறு. ஒரு ஊரோ சில ஊர்களோ சேர்ந்து பள்ளிக்காகவே வைத்துக்கொண்ட எல்லை இது. பெரும்பாலான இடங்களில் ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாரியம்தான் ஆசிரியரை வேலைக்கு வைக்கும், கட்டடம் கட்டும், அதற்கான பணத்தை வீடு நிலத்தின் மீது சொத்துவரியாகப் போடும். 1949–50 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப்பள்ளிகளுக்கு வந்த ஒவ்வொரு 100 டாலரிலும் சுமார் 57 டாலர் உள்ளூர்ப் பணம், 40 டாலர் மாநிலப் பணம். வாஷிங்டனிலிருந்து, அதாவது மத்திய அரசிடமிருந்து, வந்தது 3 டாலர்.

ஆரம்பப் பள்ளிக்கு வரி சரி, ஹைஸ்கூலுக்கு எதற்கு வரி என்று முறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். லத்தீன் படிக்கிற பையனுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்கிற மாதிரியான வழக்கு. 1874இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், ஹைஸ்கூலுக்கும் வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. மற்ற மாநிலங்களும் அதைப் பிடித்துக்கொண்டன.

வரி போட்டதும் பள்ளி ஊர்ச் சொத்தாகிவிட்டது. பட்டமளிப்பு, நாடகம், பேண்டு வாத்தியம், கூடைப்பந்து எல்லாவற்றுக்கும் பிள்ளை இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். இண்டியானா மாநிலத்தில் ஊர் ஜனத்தொகையைவிட அதிக இருக்கைகளோடு ஜிம் கட்டிய சின்ன ஊர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்குத்தனம். கொடைக்குப் பந்தல் போடுகிறவர்களுக்கு அப்படித் தெரியாது.

ஆக, பள்ளி அரசாங்கத்தின் கிளை அலுவலகம் போல இல்லை, ஊர் வரிபோட்டு வைத்துக்கொண்ட பொதுச் சொத்து போல இருந்தது. பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது.

ஒரே கட்டடம், வேறு வேறு பந்தி

1910இல் அமெரிக்காவில் 18 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 9 பேர்தான் ஹைஸ்கூல் முடித்தார்கள். 1940இல் அது பாதியைத் தொட்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய தாவல். ஊர் ஊராகப் பள்ளி கட்டியது ஒரு காரணம், ஆபீஸ் வேலைகளுக்குப் படித்தவர்கள் தேவைப்பட்டது இன்னொரு காரணம். 1930களின் பெருமந்தத்தில் பெரியவர்களுக்கே வேலை இல்லை, பையனுக்கு யார் கொடுப்பார்கள், சரி பள்ளிக்காவது போகட்டும் என்று அனுப்பியதும் உண்மை.

அதனால் 1950களின் ஹைஸ்கூல் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் வீட்டின் பழைய தலைமுறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள். 1950 மக்கள்தொகைக் கணக்குப்படி 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மூன்றில் ஒருவர்தான் ஹைஸ்கூல் முடித்தவர். பட்டமளிப்பு விழாவுக்கு அத்தை மாமா எல்லாரும் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை.

அப்போது இங்கிலாந்தில் 11 வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறினவர்களை ஒரு பள்ளிக்கும் மற்றவர்களை வேறு பள்ளிக்கும் பிரித்து அனுப்பினார்கள். அமெரிக்கர்கள் பிரிக்கவில்லை. டாக்டர் மகன், மெக்கானிக் மகள், பண்ணைக்காரர் பிள்ளை எல்லாரும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். இப்படி எல்லாப் படிப்பையும் ஒரே கூரைக்குள் வைத்த பள்ளிக்கு அனைத்துவகைப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் ஆள் சொன்ன இரண்டாவது தீர்ப்பின் உண்மைப் பாதி இதுதான்.

வாசல் ஒன்று, உள்ளே பந்தி வேறு. காலேஜுக்குப் போகிறவர்களுக்கு அல்ஜீப்ரா, லத்தீன் அல்லது பிரெஞ்சு. ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு. கைத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மரவேலை, லேத், மோட்டார் பட்டறை. 1917லேயே தொழிற்கல்விக்கென்று மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுப் பணம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. பையன் என்றால் பட்டறை, பெண் என்றால் தையலும் சமையலும். அதைப் பற்றி அன்றைக்குப் பெரிதாக யாரும் யோசிக்கவே இல்லை. யார் எந்தப் பந்தி என்று சொல்வதற்கு ஆலோசகர் ஒருவர் இருப்பார், மார்க்கையும் அறிவுத்திறன் சோதனையையும் பார்த்துச் சொல்வார். பையனின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதும் அவர் கண்ணில் படாமலா போயிருக்கும்?

கிரெடிட், அதாவது லாக்கரின் கதை

மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் இலையில் வருவதுதான் வரும், சாம்பார், ரசம், மோர் என்ற வரிசையும் மாறாது. டிபன் என்றால் நாமே சொல்ல வேண்டும், இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. நம் பள்ளிகள் மீல்ஸ் ரகம். அமெரிக்க ஹைஸ்கூல் டிபன் ரகம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பில் இவ்வளவு தொகைக்குக் குறையக்கூடாது, சில அயிட்டங்களைக் கட்டாயம் வாங்க வேண்டும்.

அந்தத் தொகையின் அலகுதான் கிரெடிட். ஒரு பாடத்தை ஒரு வருஷம், ஏறக்குறைய 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படித்துத் தேறினால் ஒரு கிரெடிட், யூனிட் என்றும் சொல்வார்கள். பல இடங்களில் 4 வருஷத்தில் 16 யூனிட் சேர்த்தால் டிப்ளமா. ஆங்கிலம், அமெரிக்க வரலாறு, உடற்பயிற்சி மாதிரி சில கட்டாயம், மீதி உங்கள் பந்தியைப் பொறுத்து.

இந்த 120 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. பள்ளிப் பிள்ளைகளுக்காக யாரும் இதை யோசிக்கவில்லை. 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை வயதான காலேஜ் பேராசிரியர்களுக்கு பென்ஷன் கொடுக்க நினைத்தது. எது காலேஜ், எது காலேஜ் மாதிரி போர்டு மாட்டிய இடம் என்று பிரிக்க வேண்டுமே? 14 யூனிட் ஹைஸ்கூல் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்தால்தான் காலேஜ், அந்தக் காலேஜின் பேராசிரியருக்குத்தான் பென்ஷன் என்று விதி வைத்தார்கள். பென்ஷன் ஆசையில் காலேஜ்கள் யூனிட் கேட்க, காலேஜ்கள் கேட்டதால் பள்ளிகள் யூனிட் கணக்கில் பாடம் நடத்த ஆரம்பித்தன. யாரோ ஒரு தாத்தாவின் ஓய்வூதியத்தில் ஆரம்பித்தது நாடு முழுக்கப் பிள்ளைகளின் டைம்டேபிளாக முடிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிளைக்கிறது.

முதலாவது, பெரும்பாலான மாநிலங்களில் நம் பத்தாம் வகுப்பு போல ஒரே நாளில் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் பொதுத்தேர்வு இல்லை. நியூயார்க் மாநிலம் விதிவிலக்கு, அங்கே ரீஜன்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. மற்ற இடங்களில் பாடம் எடுத்த ஆசிரியரே ஏ, பி, சி என்று கிரேடு போடுவார், வருஷம் முழுக்க. படிப்பே இல்லை என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். பரீட்சைக் காய்ச்சல் இல்லாத இடத்தில் படிப்பும் இல்லை என்று நினைத்துக்கொள்வது நம் பழக்கதோஷம்.

இரண்டாவது லாக்கர். நம் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், வாத்தியார்கள் மாறி மாறி வருவார்கள், ஏனென்றால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே டைம்டேபிள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டைம்டேபிள். ஆகவே ஆசிரியர் அறையிலேயே இருப்பார், பிள்ளைகள் நடப்பார்கள். மணி அடித்ததும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வராந்தாவில் கொட்டுவார்கள், நாலைந்து நிமிஷத்துக்குள் அடுத்த அறை, அது மாடியில் கடைசி அறையாகவும் இருக்கும். சொந்த பெஞ்சு இல்லை, புத்தகத்தை எங்கே வைப்பது? ஜனவரிப் பனிக்குப் போட்டு வந்த கனத்த கோட்டை எங்கே மாட்டுவது? அதற்குத்தான் சுவரோடு ஒட்டிய அந்த ஒடுக்கமான இரும்புப் பெட்டி, எண்ணைத் திருகித் திறக்கும் பூட்டோடு. நாள் முழுக்கச் சொந்த இடமே இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு அடி அகலம்தான் சொந்தம்.

கிரெடிட் என்பது பாட நேரத்தை அளக்கும் ஓர் அளவை. அதனால் ஆளுக்கொரு டைம்டேபிள், அதனால் நடை, அதனால் லாக்கர். மீதியெல்லாம் இதன்மேல் ஒட்டிக்கொண்டவை.

ஒரு நாள் எப்படிப் போகும்

காலையில் ஹோம்ரூம். வருகை எடுப்பதற்கென்று ஒதுக்கிய அறையும் அந்தக் கால் மணி நேரமும் சேர்ந்து இந்தப் பெயர். எல்லாரும் எழுந்து கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்வார்கள். 1954 ஜூன் மாதம் அதில் கடவுளின் பெயர் சேர்ந்தது, கம்யூனிஸ்ட் ரஷ்யாவிலிருந்து தங்களை வித்தியாசப்படுத்திக் காட்ட. சில மாநிலங்களில் ஒலிபெருக்கியில் பைபிள் வாசிப்பும் உண்டு. 1963இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுக்கும் வரை நடந்தது, அந்த வழக்குகளில் ஒன்று பென்சில்வேனியாவில் ஒரு ஹைஸ்கூல் மாணவன் எழுப்பிய எதிர்ப்பில் ஆரம்பித்தது.

அப்புறம் பாடவேளைகள். மதியம் கேஃபெட்டீரியா. 1946இல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட மதிய உணவுச் சட்டத்தால் விலை குறைவு, தட்டில் கட்டாயம் அரை பைண்ட், அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான, பால். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பிள்ளைகள் மேல் இருந்த பாசத்தோடு பண்ணைகளில் விற்காமல் தேங்கிய விளைபொருள்களும் இருந்தன. பல பள்ளிகளில் பெண்களுக்குப் பாவாடைதான், பேண்ட் கூடாது. வகுப்பு நடக்கும்போது வெளியே போனால் கையில் ஆசிரியர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். 1949இல் ரஷ்யா அணுகுண்டு வெடித்த பிறகு, குண்டு விழுந்தால் மேஜைக்கடியில் குனிவது எப்படி என்றும் பள்ளிகளில் ஒத்திகை பார்த்தார்கள். அணுகுண்டை மேஜைப் பலகை தாங்கும் என்று யார் நம்பினார்களோ.

1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யா ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை ஏவியதும் பழி பாதி ஹைஸ்கூல் மேல் விழுந்தது. நம் பிள்ளைகள் நடனமாடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பிள்ளைகள் இயற்பியல் படிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் பொருமின. மறுவருஷமே வாஷிங்டன் கல்விச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அறிவியல், கணிதம், அயல்மொழிப் பாடங்களுக்குப் பணம் இறக்கியது. 'படிப்பே இல்லை' என்ற நம் டீக்கடைத் தீர்ப்பை முதலில் சொன்னவர்கள் அமெரிக்கர்களேதான்.

பள்ளி முடிந்த பிறகுதான் இன்னொரு பள்ளி ஆரம்பிக்கும். பேண்டு, விவாதக் குழு, பள்ளிப் பத்திரிகை, வருஷக் கடைசியில் எல்லார் படமும் போட்டு வரும் இயர்புக். சீனியர்களுக்கு வசந்தத்தில் பிராம் என்ற நடன விருந்து. பள்ளி அணியில் நன்றாக ஆடியவனுக்குப் பள்ளிப் பெயரின் முதல் எழுத்து, தடித்த நூலில் நெய்தது, கிடைக்கும். அதை ஸ்வெட்டரில் தைத்துக்கொள்வான், அந்த ஸ்வெட்டரை ஒரு பெண் போட்டுக்கொண்டு வந்தால் ஊருக்கே சேதி. பெண்களுக்கு அணி அனேகமாகக் கிடையாது, ஓரத்தில் நின்று கோஷம் போடலாம். கூடைப்பந்துக்கு உயிரை விடும் இண்டியானாவிலேயே பெண்களுக்கான மாநிலப் போட்டி 1976இல்தான் வந்தது.

161 பேர் கொண்ட பள்ளி

மைலன் இண்டியானாவின் தென்கிழக்கில் ஒரு சின்ன ஊர். பெயர் இத்தாலி நகரத்துடையது, உச்சரிப்பு இவர்களுடையது. 1954இல் அங்கே ஹைஸ்கூலில் 4 வகுப்புக்கும் சேர்த்து 161 பிள்ளைகள். இண்டியானாவில் அன்று பெரிய பள்ளி சின்னப் பள்ளி என்று பிரிக்காமல் 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே கோப்பைக்கு மோதும். மைலன் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. எதிரே மன்சி சென்ட்ரல், அதைப்போலப் பத்து மடங்கு பெரிய பள்ளி.

கடைசிக் கால் பகுதியில் மைலன் இரண்டு புள்ளி பின்னால். பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். எறியவில்லை, தட்டவில்லை, நாலு நிமிஷத்துக்கு மேல் நின்றான். இத்தனை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது கிடையாது. அரங்கம் முழுக்க ஜனம், அத்தனை பேரும் ஒரு பையன் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வினாடிகளில் அதே பிளம்ப் எறிந்த பந்து விழுந்து 32–30. சின்னஞ்சிறு மைலனை நோக்கி மறுநாள் மைல் கணக்கில் கார்கள்.

இந்தக் கதையை அமெரிக்கர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள், மகிழட்டும். ஐந்து வருஷத்தில் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் ஓர் அறிக்கை எழுதினார். சீனியர் வகுப்பில் நூறு பேராவது இல்லாத பள்ளியால் எல்லாப் பாடமும் நடத்த முடியாது, சின்னப் பள்ளிகளை இணையுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், பத்துப் பேருக்கு இயற்பியல் ஆசிரியர் வைக்க எந்த ஊர்வரி தாங்கும்? ஆனால் பள்ளி போன சின்ன ஊர்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி கூடுவதற்கு இடம் இல்லாமல் போனது.

தேர் திரும்பிய முக்கு

கறுப்பர், வெள்ளையர் என்று பள்ளியைப் பிரித்தது தெற்கு மாநிலங்களில் மட்டும்தான் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. தெற்கில் அது சட்டம், உண்மை. வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் ஊரில் 180 பேருக்குக் கட்டிய கறுப்பர் பள்ளியில் 450க்கும் மேற்பட்டவர்களை அடைத்து, மிச்சப் பேருக்குத் தார் அட்டைக் கொட்டகை போட்டிருந்தார்கள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் முன்னால் நின்று மொத்தப் பள்ளியையும் வேலைநிறுத்தத்துக்கு வெளியே கூட்டிவந்தாள். பள்ளிப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 5 வழக்குகளில் ஒன்று அந்தப் பிள்ளைகளுடையது.

இண்டியானா வடக்கில் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் நகரத்தில் 1927 வரை கறுப்பினப் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்தே ஹைஸ்கூல் படித்தார்கள். அதாவது சேர்ந்து இருந்ததைத்தான் பிரித்தார்கள். அந்த வருஷம் கிரிஸ்பஸ் ஆட்டக்ஸ் ஹைஸ்கூலைத் திறந்து, கறுப்பினப் பிள்ளைகள் எல்லாரும் இனி இங்கேதான் என்றார்கள். பல்கலைக்கழகங்கள் வேலை தராத கறுப்பின முதுகலை, முனைவர் பட்டக்காரர்கள் பலர் இங்கே ஆசிரியர்களாக வந்து சேர்ந்ததால் பாடம் அபாரமாக நடந்தது. ஆனால் மாநில விளையாட்டுச் சங்கம் 1942 வரை ஆட்டக்ஸைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாக்கு என்ன தெரியுமா? இது எல்லாருக்கும் திறந்த பொதுப்பள்ளி அல்லவாம். பூட்டியவர்களே பூட்டியிருக்கிறது என்றார்கள். கறுப்பர் வீட்டுச் சொத்துவரியை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

1954இல் மைலன் கோப்பைக்குப் போகும் வழியில் தோற்கடித்த அணிகளில் ஆட்டக்ஸும் ஒன்று. மறுவருஷம் அதே ஆட்டக்ஸ், ரே க்ரோ பயிற்சியில், ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற 16 வயதுப் பையனை நடுவில் வைத்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி கேரி நகரத்தின் ரூஸ்வெல்ட் ஹைஸ்கூல், அதுவும் கறுப்பர் பள்ளி. 97–74. இண்டியானாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்று மாநிலக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை.

ஜெயித்த அணி தீயணைப்பு வண்டியில் ஏறி நகர நடுவிலிருக்கும் மான்யுமென்ட் சர்க்கிளுக்கு வந்து அங்கே கொண்டாடுவது வழக்கம். ஆட்டக்ஸ் பையன்களும் ஏறினார்கள். வண்டி சர்க்கிளை ஒரு சுற்று சுற்றியது, நிற்கவில்லை, நேரே கறுப்பர்கள் வாழும் பகுதியில் இருந்த நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குத் திருப்பி ஓட்டப்பட்டது. உங்கள் கொண்டாட்டம் அங்கே. ஊர்த்தேர் எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்த முக்கில் திரும்பிவிடும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ராபர்ட்சன் அன்று ராத்திரி பூங்காவில் அதிக நேரம் இருக்கவில்லை. அப்பா வீட்டுக்குப் போய்த் தரையில் படுத்துக்கொண்டு, அவர்களுக்கு நாம் வேண்டாதவர்கள்தான் அப்பா என்று சொன்னதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுவருஷம் ஆட்டக்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்பவும் அதே கோப்பையை வென்றது.